பால் காய்ச்சிய தொட்டி

காளியப்பா லேஅவுட் மூன்றாம் வீதிக்கு அந்த இரும்புத் தொட்டி வியாழக்கிழமையே வந்திருந்தால் இந்தக் கதை இல்லை, எங்கள் வீதியும் கோயம்புத்தூரின் மற்ற வீதிகளைப் போல வீட்டை இடிப்பதும் கட்டுவதும் மாடியை வாடகைக்கு விடுவதுமாக மரியாதையோடு இருந்திருக்கும். வியாழக்கிழமை வருகிறோம் என்று போனில் சொன்ன தொட்டிக் கம்பெனிக்காரர்கள், டயர் பஞ்சரோ டிரைவருக்குக் காய்ச்சலோ, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதைக் கொண்டுவந்து தெய்வானையின் வீட்டு வாசலில் சங்கிலி கிறீச்சிட இறக்கிவிட்டு, அடுத்த வியாழக்கிழமை எடுத்துக்கொள்கிறோம் என்று போய்விட்டார்கள். பதினைந்தடி நீளம், ஐந்தடி உயரம், பச்சைப் பெயின்ட், பின்பக்கம் ஏறி இறங்க ஒரு சின்ன ஏணி. இடித்த செங்கலையும் காரையையும் உடைந்த ஓட்டையும் அதில் கொட்டி நிரப்பினால், லாரி வந்து தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடும். எல்லாவற்றையும் வாய்க்கால் ஓரத்தில் கொட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தபடி வீடு வந்து பழகிய எங்களுக்கு இது புது நாகரிகம்.

தெய்வானைக்கு வயது அறுபத்து மூன்று, முழங்கால் இரண்டும் தேய்ந்து போனவள். அவள் கணவர் நாச்சிமுத்து முப்பத்தொரு வருஷம் மில்லில் நூல் சுற்றும் மெஷின் முன்னால் நின்றவர், மில் மூடிய பிறகும் பல வருஷம் அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுவதுபோல் உரக்கப் பேசியவர், இப்போது மறதி நோய் வந்து பேச்சே குறைந்துபோனவர். மறதி முதலில் கிழமைகளை எடுத்துக்கொண்டு போயிற்று, பிறகு வீதிகளின் பெயரை, பிறகு ஓசூரில் வேலை பார்க்கும் மகன் மோகன்குமாரை. எல்லாம் போய் அவரிடம் மிஞ்சியிருந்தது தெய்வானை ஒருத்திதான். போன கார்த்திகையில் அவர் கொல்லைப்புறக் குளியலறையில் வழுக்கி விழுந்ததும், பின்கட்டில் இருந்த பழைய சமையல்கட்டையும் அதை ஒட்டிய அறையையும் இடித்துவிட்டு அப்பாவுக்குப் படுக்கை பக்கத்திலேயே ஒரு குளியலறை கட்டிவிடலாம் என்று மகன் ஏற்பாடு செய்தான். சுவர் விழுந்த நாளிலிருந்து நாச்சிமுத்து தெய்வானையின் கையை விடவில்லை.

"வா தெய்வானை, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்பார்.

"இதுதானுங்க நம்ம வீடு."

அவர் பாதிச் சுவரைப் பார்ப்பார், சிமென்ட் மூட்டையைப் பார்ப்பார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்தவங்க வீட்டுல எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது, அவுங்களுக்கும் வேல இருக்குமல்ல" என்பார். நாளெல்லாம் இதே பேச்சுதான், தெய்வானையும் நாளெல்லாம் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொட்டி வந்த வெள்ளிக்கிழமை, மேஸ்திரி ஆறுச்சாமி மண்வெட்டியும் மண் சுமக்கும் பாண்டுமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்க, தெய்வானை குறுக்கே வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக் கூடாது, போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று, உறைக்கு ஒரு கரண்டி தயிர் கேட்டு வந்தவளைக்கூட அந்த நாளில் வெறுங்கையோடு அனுப்பிய வீடு அது.

"வெள்ளிக்கெழம அதுவுமா செவுத்தையே தூக்கி வெளிய போடச் சொல்றியா, ஆறுச்சாமி?"

"ஆளுக வந்துட்டாங்கக்கா. சும்மா உக்கார வெச்சா நல்லாவா இருக்கும்?"

இருவருக்கும் நடுவில் வழி சொன்னவள் எதிர்வீட்டு ஜெயமணி, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவள். "தொட்டியும் நம்ம வீடுதான்னு ஆக்கிட்டாப் போச்சு. பாலக் காய்ச்சிட்டா அதுவும் வீடுதானுங்களேக்கா" என்றாள். உடனே தொட்டியின் விளிம்பைக் கழுவி மஞ்சள் பூசி மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக மாவிலை கட்டி, முன்னால் ஒரு கோலமும் போட்டு, ஆறுச்சாமியையே உள்ளே இறங்கச் சொல்லி, மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பாக்கிப் பாலைக் காய்ச்சினார்கள். பால் கிழக்கே பார்த்துப் பொங்கி வழிந்தது, வந்தவர்களுக்கெல்லாம் அதில் ஆளுக்கு ஒரு வாய் கிடைத்தது, அதற்குப் பிறகு சமையல்கட்டு முழுவதும் பாண்டு பாண்டாக ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதுபோல் தொட்டிக்குள் போயிற்று. எங்கள் வீதியில் சாஸ்திரத்தை யாரும் மீற மாட்டோம், அதைச் சுற்றிக்கொண்டு போகும் சந்து எது என்று மட்டும் பார்ப்போம்.

சனிக்கிழமை காலை வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஜெயமணி, தொட்டிக்குள்ளிருந்து கடுகு தாளிக்கும் வாசனை வரவே ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தாள், இறங்கி வந்தாள், பாதியில் விட்ட கோலத்தைப் போட்டு முடித்தாள், அதற்குப் பிறகுதான் தெய்வானையைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க பழைய சமையக்கட்டு உள்ள நிக்குதுங்க."

"எது, இடிச்சதா?"

"அதேதானுங்க. ரேக்குல டப்பாவெல்லாங்கூட அடுக்கி இருக்குது."

"அந்தச் சன்னல் கதவு காத்துக்கு அடிச்சுக்கும். ஒரு துணியச் செருகி வெய்யி" என்றாள் தெய்வானை.

சமையல்கட்டு அச்சாக நின்றது. புகை படிந்த மஞ்சள் சுவர், திரி ஸ்டவ், வட்டமான கறுப்பு சுவிட்சு, மூலையில் ஓரம் பெயர்ந்த சிமென்ட் தண்ணீர்த்தொட்டி, விளைபொருள் நிலவரம் வாசிக்கும் ரேடியோ, ஆணியில் 1987ஆம் வருஷத்து ஆடி மாதக் காலண்டர். ஆள் மட்டும் யாரும் இல்லை. ஆனால் பலகை மேல் இருந்த டம்ளரைத் தொட்டால் சூடு இருந்தது, அரிவாள்மனைப் பக்கத்தில் பாதி நறுக்கிய கத்தரிக்காய் இன்னும் கறுக்காமல் இருந்தது, வேலையாக இருந்தவள் யாரோ கூப்பிட்டு இப்போதுதான் எழுந்து போனாற்போல் இருந்தது அந்த அறை. உள்ளே போகலாம், உட்காரலாம், டம்ளரில் இருப்பதைக் குடிக்கவும் செய்யலாம். எதையும் வெளியே எடுத்து வர மட்டும் முடியாது. எங்கள் வீதி நிர்மலா டீச்சர் ஆசைப்பட்டு ஓர் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏற, விளிம்பைத் தாண்டியதும் அவர் இடுப்பில் இருந்தது ஒரு குத்துக் காரைமண். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அதானே பாத்தேன்" என்று டீச்சர் வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை மதியம் நாச்சிமுத்துவை ஆறுச்சாமி கைத்தாங்கலாகப் பிடித்து உள்ளே இறக்கிவிட்டார். தெய்வானையால் ஏணியில் கால் வைக்க முடியாது, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். உள்ளே போன நிமிஷத்தில் அவர் குரல் முப்பது வருஷத்துக்கு முந்தைய உரத்த குரலாக எழும்பியது. ஆறுச்சாமியின் அப்பா பெயரைச் சொல்லி நலம் விசாரித்தார், எட்டாம் நம்பர் மெஷின் தகராறு செய்வதையும் சூப்பர்வைசர் தகராறு செய்வதையும் சொன்னார், மூன்று வயது மோகன்குமார் ஸ்பூனை விழுங்கப் பார்த்த கதையைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். மகன் பெயரை அவர் வாயால் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, தெய்வானை நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்தது.

"தெய்வானை" என்று உள்ளேயிருந்து கூப்பிடுவார்.

"ஏனுங்க" என்பாள் இவள் வெளியேயிருந்து. முழங்கால் தேய்ந்திருந்தாலும் அவளுக்குக் குரல் தேயவில்லை.

"ஒண்ணுமில்ல, இருக்கறியான்னு பாத்தேன்."

சாயங்காலம் ஆறுச்சாமி அவரை வெளியே அழைத்து வருவார். விளிம்பைத் தாண்டும்போதே முகம் வெளிறி, மெஷினும் மகனும் ஸ்பூனும் போய், வீதியை இப்படியும் அப்படியும் பார்த்து, அங்கே நிற்பவர்களில் தெய்வானையை மட்டும் கண்டுபிடித்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார். காலையில் டிபன் முடித்ததும் அவரை மறுபடியும் உள்ளே இறக்கிவிடுவது வழக்கமாயிற்று. தெய்வானை நாற்காலியோடு கீரையையும் முறத்தையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள், ஜெயமணி அவளிடம் காப்பி டம்ளரை வாங்கி உள்ளே நீட்டினாள், நாற்பது வருஷத்தில் அந்தத் தம்பதி அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

இதைப் பார்த்துக்கொண்டு எங்கள் வீதி எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அடுத்தவர் வாடகைக்கு எடுத்த தொட்டியில் தங்கள் வீட்டு உடைந்த பக்கெட்டை நைசாகப் போட்டுவிட்டுப் போகிற புத்தி எங்களுக்கு ஏற்கனவே உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஜெயமணி தன் அம்மா வீட்டை இடித்தபோது ஞாபகத்துக்கு எடுத்து வைத்திருந்த கூரை ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டாள், தெய்வானையின் சமையல்கட்டுச் சுவரில் புதிதாக ஒரு கதவு முளைத்தது, திறந்தால் அவள் அம்மா வீட்டு முற்றம், கொடியில் ஈரப்புடவை. அதோடு யாருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. மொட்டைமாடியில், கட்டிலுக்கடியில், பூந்தொட்டிக்கு முட்டுக்கொடுத்து என்று எங்கெங்கோ கிடந்த துண்டு துணுக்கையெல்லாம் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள், ரோடு அகலப்படுத்தியபோது போன வீட்டின் ஒரு கல், கூட்டுக்குடும்பம் பிரிந்தபோது உடைத்த குறுக்குச் சுவரின் ஒரு சில்லு, பால்வாடியின் படிக்கட்டு, முடிதிருத்தும் கடையின் கண்ணாடி ஓரம், பிரசவ ஆஸ்பத்திரியின் பச்சை டைல்ஸ், சைக்கிள் வாடகைக்கடையின் மேடை, போட்டது எல்லாம் கதவு கதவாகத் திறந்துகொண்டே போயிற்று, பதினைந்தடித் தொட்டி வெளியே பதினைந்தடியாகவே இருக்க, உள்ளே ஒரு கோடியில் நுழைந்தவர் மறுகோடி வர அரை மணி ஆயிற்று.

திங்கட்கிழமை ஃபிட்டர் துரைசாமி, மில்லை இடித்தபோது சுவரிலிருந்து எடுத்துவந்து இத்தனை வருஷம் கதவுக்கு முட்டாக வைத்திருந்த சிவப்புச் செங்கல்லைக் கொண்டுவந்து போட்டார். அன்று பிற்பகல் மூன்றரைக்கு மில் சங்கு ஊதியது. இருபது வருஷத்துக்கு முன் நின்றுபோன சங்கு, தொட்டிக்குள்ளிருந்து எழும்பி நான்கு வீதிக்குக் கேட்டது. கேட்டவர்கள் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள், எழுந்த பிறகுதான் போவதற்கு ஷிப்டு இல்லை என்பது ஞாபகம் வந்தது. அந்தச் செங்கல் திறந்துவிட்ட, பஞ்சு பறக்கும் மில் கேன்டீனில் துரைசாமியும் பழைய கூட்டாளிகளும் போய் உட்கார்ந்துகொண்டார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களும் ஆளைத் தேடி அலைய வேண்டாமே என்று நிம்மதியானார்கள். மாநகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்து, தொட்டியை நீளம் அகலம் அளந்து, வெளியே இருக்கும் அளவு சரியாகத்தான் இருக்கிறது, உள்ளே இருப்பதை அளக்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லை என்று நியாயமாகச் சொல்லிவிட்டு, தான் படித்த பள்ளிக்கூடத்தின் கரும்பலகைத் துண்டை மறுநாள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை லாரியோடு டிரைவர் சகாயராஜ் வந்தபோது வீதியே திரண்டு நின்று முடியாது என்றது. தெய்வானை கையெடுத்துக் கும்பிட்டு நான்கு நாள் அவகாசம் கேட்டாள், அவரும் போய்விட்டார். மறு திங்கட்கிழமை காலை மறுபடியும் வந்தவர், லாரியை விட்டு இறங்கி அவள் நாற்காலிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, எங்ககிட்ட வேற தொட்டி எதுவும் சும்மா இல்லீங்க. போத்தனூருல ஒரு வீட்ட இடிச்சுப்போட்டு, மண்ண அள்ள முடியாம, அந்தக் குடும்பம் தார்ப்பாய் கட்டி உக்காந்திருக்குது. மழை வேற வரும்போல இருக்குது. எனக்கு நீங்கதான் ஒரு வார்த்த சொல்லோணும்."

தொட்டியை வாடகைக்கு எடுத்தது தெய்வானையின் பெயரில், அதனால் அவள் வார்த்தைதான் முடிவு. அவளோ வேறு ஒரு முடிவோடு இருந்தாள். மகனிடம்கூடச் சொல்லாமல் ஆறுச்சாமியைக் கடப்பாரையோடு வரச் சொல்லியிருந்தாள்.

"மிச்ச வீட்டையும் இடிச்சு இதுலயே கொட்டிரு ஆறுச்சாமி. நானும் அவரும் உள்ளயே இருந்துக்கறோம்."

"விளையாட்டுக்குச் சொல்றீங்களாக்கா? இடிச்சாத் திரும்பக் கட்டறதுக்கு முடியாதுங்க."

"இங்க வெளிய அவருக்கு என்ன இருக்குது சொல்லு. மகனத் தெரியல, வீதியத் தெரியல, குடிக்கற டம்ளரத் தெரியல. உள்ள போனா அத்தனையும் தெரியுது. அதுக்கு மேல எனக்கென்ன வேணும்?"

முதல் அடி போடுவதற்கு முன்னால், தான் குடியிருக்கப்போகிற இடத்தை ஒரு தரம் பார்த்துவிடுகிறேன் என்றாள் தெய்வானை. ஜெயமணி கீழேயிருந்து தாங்க, சகாயராஜ் மேலேயிருந்து இழுக்க, ஒவ்வொரு படிக்கும் அம்மா அம்மா என்று முனகி, அந்த ஒன்பது நாளில் முதல் தடவையாக அவள் தொட்டிக்குள் இறங்கினாள்.

நாச்சிமுத்து பலகை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் அறுபத்தெட்டு வயது முகம்தான், உட்கார்ந்திருந்த மிடுக்கு முப்பது வயதுக்காரனுடையது. அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.

"வாங்கம்மா, வாங்க. யார் வேணுங்க?"

தெய்வானை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரியப் பாக்க வந்தீங்களா? இப்பத்தான் பைப்புக்குப் போனா, சிறுவாணித் தண்ணி வந்துருச்சுன்னு. வந்துருவா, உக்காருங்க. காப்பி சாப்புடறீங்களா?"

அவள் உட்கார்ந்தாள். அவர் ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தன் கையால் காப்பி போட்டுக் கொடுத்தார், அவள் அறிந்து அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. பாதி நறுக்கிய கத்தரிக்காய் பக்கத்திலேயே கிடந்தது. அதை நறுக்கியது அவள்தான், எந்த நாளில் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"உங்க சம்சாரம் எப்படி, நல்ல மாதிரியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் மேலேயே வெட்கப்பட்டாள்.

"உங்க குரலு அவ குரலாட்டவே இருக்குதுங்க" என்று ஆச்சரியப்பட்டார் அவர். பிறகு சிரித்துக்கொண்டு, "வந்த புதுசுல ஒரு வாரம் குழம்புல உப்பே போடல. எங்க வீட்டுப் பழக்கம் இப்படீன்னு அவ நெனச்சிருக்கறா, அவங்க வீட்டுப் பழக்கம் அப்படீன்னு நானும் வாயத் தெறக்காமத் தின்னுட்டிருந்தேன். அப்பறம் உப்பு ஜாடி எங்கிருக்குதுன்னு அவளுக்குத் தெரியாம இருந்ததாமா. கேக்கறதுக்குப் பயம்" என்றார்.

"பயந்தான்" என்றாள் தெய்வானை.

"அப்பறம் அவ வெச்ச குழம்புக்கு இந்த லேஅவுட்டுல ஈடு இல்லைங்க. நான் அவகிட்டச் சொன்னதில்ல. சொன்னா தலைக்கு மேல ஏறீருவான்னு எங்கம்மா சொல்லி வெச்சிருக்கறாங்க. மில்லுல மெஷினு ஓடறப்ப, அதுக்கு முன்னாடி நின்னுட்டுச் சத்தமாச் சொல்லிக்குவேன். இன்னைக்குக் குழம்பு நல்லாருந்துச்சு தெய்வானை, அந்தப் பச்சச் சேல உனக்கு நல்லாருக்குது தெய்வானை, நீ இல்லீன்னா நான் ஒண்ணுமில்ல தெய்வானைன்னு. அந்த எரைச்சல்ல யாருக்குங்க கேக்கும்?"

"இன்னைக்கு வந்தாச் சொல்லிருங்களே."

"சொல்லோணும். இன்னைக்குச் சொல்லீரலாம்னுதான் உக்காந்திருக்கறேன்" என்று அவர் வாசல் பக்கம் பார்த்தார். பேசும்போதெல்லாம் அவள் தோளுக்கு மேலாக அந்த வாசலைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "இத்தன நேரம் ஆகாதுங்க. என்னமோ இன்னைக்கு லேட்டாகுது."

இந்த அறையில் அவரிடம் எல்லாம் இருந்தது, மகனும் மில்லும் உப்பு ஜாடியும் ரேடியோவும், அவள் மட்டும் இல்லை. குடத்தோடு போன அந்த இருபத்தாறு வயதுக்காரி இனி ஒருநாளும் திரும்பி வரப்போவதில்லை, இவர் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார், எதிரில் தான் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே இருந்தாலும். தெய்வானைக்கு அந்தப் பெண்ணின் மேல் பொறாமையாக இருந்தது, அதைவிட அதிகமாக இவர் மேல் பரிதாபமாக இருந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையால் ஸ்டவ்வின் மேல் சிந்தியிருந்த காப்பியைத் துடைத்தாள். "போய் உங்க சம்சாரத்த வரச் சொல்றேனுங்க" என்றாள்.

"அவசரமாக் கூட்டியாங்கம்மா" என்றார் அவர்.

ஏணியில் ஏறி இறங்கி வீதிக்கு வந்த தெய்வானை முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆறுச்சாமியிடம் கடப்பாரையைக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைக்கச் சொன்னாள், சகாயராஜிடம் தொட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வீதி கொதித்தது, நேற்றுவரை கும்பிட்டவள் இன்று மாறிவிட்டாளே என்று டீச்சரே சத்தம் போட்டார், கேன்டீனை விட்டு வர மாட்டேன் என்று துரைசாமி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் யாரோடும் சண்டை போடவில்லை. "உள்ள நமக்காக யாரும் இல்ல சாமி. காத்திருக்கறவங்க எல்லாம் வெளியதான் இருக்கறாங்க" என்று மட்டும் சொன்னாள். துரைசாமியின் மனைவி ஏணிக்குக் கீழே அவர் கழற்றிவிட்டுப் போன செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்தோம். ஒவ்வொருவராக வெளியே வந்தோம், நானும் வந்தேன், எனக்கும் உள்ளே ஒரு கதவு இருந்தது, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

கடைசியாக உள்ளே இருந்தது நாச்சிமுத்து ஒருவர்தான். தெய்வானை தொட்டியின் இரும்பில் கன்னத்தை வைத்துக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க. வந்துட்டேன். வெளிய வாங்க."

"வந்துட்டியா" என்ற குரல் உள்ளே துள்ளி எழுந்தது. விறுவிறுவென்று ஏணியில் ஏறி விளிம்பில் அவர் முகம் தெரிந்தது, சொல்ல வந்தது அந்த முகம் முழுக்க இருந்தது, ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்ததும் அது ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போவதை நாங்கள் பார்த்தோம். இறங்கி நின்று வீதியை இப்படியும் அப்படியும் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்து மிரண்டார். பிறகு அந்தக் கூட்டத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தியைக் கண்டு, "தெய்வானை" என்று போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சங்கிலி இறுகி, தொட்டி ஒரு பக்கம் சாய்ந்து, உள்ளே மளமளவென்று காரையும் செங்கல்லும் சரிகிற சத்தம் கேட்டது. லாரி முக்கு திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யாரு போறாங்க தெய்வானை?"

"யாரோ வீடு மாத்திப் போறாங்க."

அவர் மறுபடியும் முக்கைப் பார்த்தார். எந்த மூலையில் அது அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்ததோ தெரியவில்லை.

"அந்தப் புள்ள தண்ணிக்கில்ல போயிருந்துச்சு. அதுகிட்ட என்னமோ சொல்றதுக்கு இருந்தாங்களே, சொன்னாங்களா?"

"சொல்லீட்டாங்க" என்றாள் தெய்வானை. "எல்லாத்தையும் சொல்லீட்டாங்க."